மூன்றாம் அதிகாரத்துக்கு முன்

மன்னவனூரில் என் பெரியம்மாவை எதிரே பார்ப்பவர்கள் வணக்கம் சொல்வதில்லை. ‘தோத்திரம் ஆத்தா’ என்கிறார்கள். பால் ஊற்ற வருபவர் பூம்பாறைக் குழந்தை வேலப்பருக்குக் காவடி எடுப்பவர். அவரும் அப்படித்தான் சொல்கிறார். ஸ்தோத்திரம் என்ற வடசொல் இந்த மலைக்கு ஏறி வருவதற்குள் முதல் எழுத்தை வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டது. பெரியம்மா பதிலுக்கு ‘தோத்திரம்’ என்பார். காலில் முள் தைத்தாலும் தோத்திரம். ரேஷனில் சர்க்கரை தீர்ந்துபோனாலும் தோத்திரம். மார்கழி உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் கருகிக் கிடந்த ஒரு காலையில், வரப்பில் நின்று அதைப் பார்த்தபடியே அவர் அந்தச் சொல்லைச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தச் சொல்லோடு எனக்கு 25 வருஷத்துச் சண்டை இருக்கிறது. துன்பத்திலும் கடவுளைத் துதிக்க வேண்டும் என்று கிறிஸ்தவம் கற்பிக்கிறது. நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன், அந்தப் பாட்டுகளில்தான் முதலில் தமிழ் கற்றேன். ஆனால் இந்தப் போதனை ஒரு பெண்ணின் காதில் விழும்போது அதற்கு வேறொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது. அடி வாங்குகிறவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், கூலி குறைக்கப்பட்டவள் துதித்தால் அது விசுவாசமா, அல்லது பழகிப்போன அடக்கமா? அவளைத் துதிக்கச் சொல்கிறவருக்கு அந்தத் துதியால் என்ன லாபம்? இந்தக் கேள்விகளைக் கேட்க எனக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஏனென்றால், அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

மன்னவனூர் கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி, மேல் பழனி மலையில் இருக்கிறது. இப்போது சுற்றுலாப் பயணிகள் அதன் ஏரியையும், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையையும், அங்கே பச்சைச் சரிவில் மேயும் ஆடுகளையும் படம் பிடிக்க வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் மண். மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியம்மாவுக்கு அது பற்றி ஒன்றும் தெரியாது. வடுகபட்டிச் சந்தையில் இந்த வாரம் என்ன விலை என்பது மட்டும் தெரியும். அதுவும் அவருடைய பூண்டு அல்ல. அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காட்டில் பிடுங்கியவர்.

பெரியம்மாவின் மகள், என் அக்கா, இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். குழந்தை பிறந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. ராத்திரி நேரம், மழை. ஜீப் பிடிக்கவே வெகுநேரம் ஆனது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008இல். இது அதற்குப் பல வருஷம் முந்தியது. பூம்பாறையைத் தாண்டியதும் ஒரு வளைவில் அக்காவின் கை குளிர்ந்துவிட்டது என்று கூடப்போனவர்கள் சொன்னார்கள். குழந்தை பிழைத்தது.

நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சபைப் பாடகர் குழுவில் இருந்தேன், நன்றாகப் பாடுவேன் என்ற பெயரும் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. அக்காவோடு ஒரே காட்டில் களை எடுத்தவர்கள். சற்று நேரத்தில் கீழிருந்து வந்த ஊழியர் ஒருவர், நம்பிக்கையில்லாதவர்களைப் போல அழக்கூடாது என்று சொல்லி அவர்களை நிறுத்தச் சொன்னார். அவர்கள் தயங்கி எழுந்தார்கள். பிறகு அவர் பெரியம்மாவிடம், கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், வாயைத் திறந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார். பெரியம்மா சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாடுங்க பெரியம்மா, பாடுனா மனசு லேசாகும்” என்று சொல்லிவிட்டு, ஒரு துதிப்பாட்டை எடுத்தேன். வீடே சேர்ந்து பாடியது. பெரியம்மா வாயைத் திறக்கவில்லை. என் கைக்குள் இருந்த அவருடைய விரல்களில் ஓர் அசைவும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டின் பின்புறம் சரிவில் ஒரு குரல் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். வாசலில் நிறுத்தப்பட்ட பாட்டிகளில் ஒருவர் அங்கே உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவர் தோளில் தோள் சாய்த்துப் பெரியம்மா. பாட்டி ஒரு வரி சொல்ல, பெரியம்மா அடுத்த வரி. அக்காவின் கொலுசு, அக்கா வளர்த்த கோழி, ஜீப்புக்காரர் வர ஆன நேரம், பிள்ளையைக் கொடுத்துத் தாயை எடுத்த சாமி. எல்லாம் அந்தப் பாட்டில் வந்தன. பெரியம்மா பின்வாங்கிப் போய்விட்டார் என்று நான் பயந்தேன். உள்ளே வந்து அவருக்காக ஜெபம் பண்ணினேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் பெரியம்மா ஞாயிறுதோறும் ஜெபவீட்டுக்குப் போனார், உட்கார்ந்தார், வாய் திறக்காமல் எழுந்து வந்தார். பிறகு ஒரு நாள் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கொத்தைக் கையில் தூக்கி மண்ணை உதறிவிட்டு, ‘தோத்திரம்’ என்றாராம். கூட இருந்தவர்கள் அம்மாவிடம் சொல்லி, அம்மா எனக்குக் கடிதம் எழுதினார். அடுத்த விடுமுறையில் போனபோது நான் கேட்டேன்: “அன்னைக்கு ஏன் பெரியம்மா சொல்லல?”

“அன்னைக்கு வாயில வரல பாப்பா. வராததை எப்பிடிச் சொல்றது? இப்ப வந்துச்சு, சொன்னேன்.”

இதற்கு மேல் அவர் விளக்கியதில்லை. எனக்குத்தான் விளங்க வருஷங்கள் ஆயின.

பெரியம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. பைபிளில் சில பகுதிகளைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். அவருக்குப் பிடித்தது ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பகுதி. அத்திமரம் பூக்காமல், திராட்சை காய்க்காமல், வயல் விளையாமல், பட்டியில் ஆடே இல்லாமல் போனாலும் கடவுளுக்குள் மகிழ்வேன் என்ற பொருளில் வரும் பகுதி. பெரியம்மா அதைச் சொல்லும்போது அத்திமரம் பூண்டாகிவிடும், திராட்சை கேரட் ஆகிவிடும். “நான் திராட்சைக் கொடியைக் கண்டேனா? கண்டதைத்தானே சொல்ல முடியும்” என்பார். ஆட்டை மட்டும் மாற்றுவதில்லை. எதிர்ச் சரிவிலேயே ஆடுகள் நிற்கின்றன.

துன்பத்தில் துதி என்று பிரசங்கிக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பகுதிக்கு வந்து சேருவார்கள். ஆனால் இது மூன்றாம் அதிகாரம். அந்தப் புத்தகத்துக்கு முதல் அதிகாரம் ஒன்று இருக்கிறது. அது துதியோடு தொடங்கவில்லை, சண்டையோடு தொடங்குகிறது. எத்தனை காலம் கூப்பிடுவேன், நீர் கேட்கமாட்டீரா, கொடுமை என்று கத்துகிறேன், நீர் காப்பாற்றவில்லையே என்று தீர்க்கதரிசி கடவுளையே கூண்டில் நிறுத்துகிறார். இரண்டாம் அதிகாரத்தில் காவல் கோபுரத்தில் ஏறி நின்று, என் முறையீட்டுக்கு என்ன பதில் வருகிறது பார்ப்போம் என்று காத்திருக்கிறார். மொத்தப் புத்தகமே மூன்று அதிகாரம்தான். முறையீடு, காத்திருப்பு, அதன் பிறகு பாட்டு. பெரியம்மாவுக்கு முதல் அதிகாரத்தை யாரும் வாசித்துக் காட்டியதில்லை. அவர் அதைப் பின்புறச் சரிவில், வேறு மதத்துப் பாட்டி ஒருவரோடு உட்கார்ந்து, தானே பாடி முடித்தார். ஆறேழு மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இரண்டாம் அதிகாரம். நான் அவரை முதல் நாளே மூன்றாம் அதிகாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தேன்.

சங்கீதப் புத்தகமும் இதைத்தான் காட்டுகிறது. எபிரேயத்தில் அதன் பெயருக்குத் துதிகள் என்று பொருள். ஆனால் அதில் இருக்கும் 150 பாட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் இருட்டைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு நன்றிச் சொல்கூட ஒட்டவைக்கப்படவில்லை. அதையும் துதிகள் என்ற பெயரிட்ட நூலுக்குள் வைத்தவர்கள், முறையீட்டைத் துதிக்கு எதிரியாக நினைக்கவில்லை என்று தெரிகிறது. தமிழில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். புலம்பு என்ற சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் தனிமை. புலம்புகிறவள் தனித்து விடப்பட்டவள். அவளோடு ஒருத்தி உட்கார்ந்து அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும்போதுதான் அந்தத் தனிமை உடைகிறது. அன்று வாசலில் ஒப்பாரியை நிறுத்தியபோது நாங்கள் நிறுத்தியது அழுகையை அல்ல. பெரியம்மாவுக்கு இருந்த துணையை.

துன்பத்தில் துதிக்கு எல்லாப் பிரசங்கத்திலும் முன்னுதாரணம் யோபு. பத்துப் பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்தும் கடவுளைத் துதித்தவர். அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். அவளுக்குப் பெயர் இல்லை. அந்தப் புத்தகம் முழுவதிலும் அவளுக்கு ஒரே ஒரு வசனம். கடவுளைத் தூஷித்துவிட்டுச் செத்துப்போம் என்று கணவனிடம் சொல்கிறாள். அவ்வளவுதான், அவளை ஒரு பைத்தியக்காரி, சாத்தானின் கருவி என்று நூற்றாண்டுகளாக வைதாயிற்று. செத்த பத்துப் பிள்ளைகளும் அவள் பெற்ற பிள்ளைகள் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

எபிரேய மூலத்தில் அவள் வாயில் இருக்கும் வினைச்சொல்லின் நேர்ப்பொருள் ‘வாழ்த்து’ என்பது. கடவுளைச் சபி என்று எழுதக் கை கூசியதால் இடக்கரடக்கலாக அப்படி எழுதினார்கள் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாழ்த்துக்கும் வசைக்கும் ஒரே சொல் நிற்கும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். பிள்ளைகளைப் புதைத்தவள் வாயிலிருந்து வரும் சொல் எது, வாழ்த்தா வசையா என்று வெளியில் நிற்பவர்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த் அவளுக்குக் கூடுதல் பேச்சைத் தருகிறது. வீடு வீடாகக் கூலிக்கு அலைவதையும், பொழுது எப்போது சாயும் என்று காத்திருப்பதையும், வயிறு நொந்து பெற்றது வீணாய்ப் போனதையும் அவள் சொல்கிறாள். பைபிளுக்குள் சேர்க்கப்படாத ‘யோபின் ஏற்பாடு’ என்ற பழைய நூலில் அவளுக்குப் பெயரும் உண்டு. யோபுக்கு ரொட்டி வாங்க அவள் தன் தலைமுடியை வெட்டிக் கொடுக்கிறாள். யோபு சாம்பலில் உட்கார்ந்து இறையியல் பேசிய நாள்களில் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று யாரோ ஒருவர் 2000 வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்.

யோபின் கதை முடியும் விதமும் பிரசங்கிகள் சொல்வதுபோல் இல்லை. யோபு தொடக்கத்தில் துதித்தார் என்பது சரி. அதற்குப் பின் பல அதிகாரங்களில் முறையிடுகிறார், வாதாடுகிறார், தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். நண்பர்கள் வந்து, கடவுள் செய்வதில் நியாயம் இருக்கும், பணிந்து போ என்று பக்தியாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம். யோபு பேசியதைப் போல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். அன்று பெரியம்மா வீட்டில் நாங்கள் எல்லோரும் அந்த நண்பர்களின் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

துதியைக் கேட்கிறவரும் துன்பத்தில் இருக்கிறவரும் ஒரே ஆள் இல்லை என்பதுதான் இதில் முடிச்சு. உலகம் முழுவதும் பாடப்படும் ஓர் ஆங்கில ஞானப்பாட்டு உண்டு. எல்லாம் நலம் என்று ஆன்மா சொல்வதாக வருவது. அதை எழுதியவர் சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு. 1873 நவம்பரில் அட்லாண்டிக்கில் ‘வீல் த்யூ ஆவ்ர்’ என்ற கப்பல் மூழ்கியபோது அவருடைய நான்கு மகள்களும் இறந்தார்கள். அந்தப் பாட்டின் கதையைச் சொல்கிற ஒவ்வொரு தடவையும் தந்தையின் விசுவாசம் பேசப்படுகிறது. அவர் அந்தக் கப்பலில் இல்லை. தாய் ஆனா இருந்தார். மகள்களோடு தண்ணீருக்குள் போனவர், தான் மட்டும் பிழைத்ததாகத் தந்தி கொடுத்தவர் அவர். ஸ்பாஃபோர்டின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இழந்ததும் நான்கு பேரைத்தான். ஆனால் தண்ணீருக்குள் இருந்தவள் என்ன பாடினாள், பாடினாளா என்று கேட்காமல் அந்தப் பாட்டை இப்போதெல்லாம் என்னால் பாட முடிவதில்லை.

துதிக்கச் சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று தொடக்கத்தில் கேட்டேன். சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். 1869ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. அதன்படி கணவன் விவாகரத்துக் கேட்க மனைவியின் பிறன் உறவு ஒன்றே போதும். மனைவி கேட்டால் கணவனின் பிறன் உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் கொடுமை மட்டும் போதாது. இது திருத்தப்பட்டது 2001இல். 132 வருஷம், தினம் அடிக்கிறான் என்பதற்காக மட்டும் ஒரு கிறிஸ்தவப் பெண் சட்டப்படி வெளியே போகக் கதவு இல்லை. கதவில்லாத வீட்டுக்குள் இருப்பவளிடம் துதி என்று சொல்வது ஒரு வசதி. கதவு வைக்கும் செலவு மிச்சம். அக்காவின் சாவைக் கடவுளின் சித்தம் என்று சொன்னபோதும் அப்படித்தான். ராத்திரியில் ஒரு வண்டி ஏன் இல்லை, பக்கத்தில் ஏன் ஒரு டாக்டர் இல்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் அந்தக் கேள்விகள் எழும்பவே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இதே மலையில் இறந்தார். ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் மிஷனரித் தந்தையின் வீட்டில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியருக்கு உதவ அழைத்தார்கள். அவர் டாக்டர் அல்ல. டாக்டரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் வீட்டுக்குள் விடமாட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் தொடங்கிய வேலை ஆஸ்பத்திரியாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆயிற்று. ஓய்வுபெற்ற பின் கொடைக்கானலில் வாழ்ந்து 1960இல் இங்கேயே காலமானார். அவரும் துதித்தவர்தான், ஆழ்ந்த பக்தி உள்ளவர். ஆனால் செத்துப்போன மூன்று பெண்களுக்காக ஒரு துதிப்பாட்டைப் பாடி முடித்துவிட்டு அவர் படுக்கப் போகவில்லை.

பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பாடிய கதையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்கும்போது பாடினார்கள், நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தன. பிரசங்கம் இங்கே முடிந்துவிடும். கதை முடிவதில்லை. விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் போகச் சொல்கிறார்கள். பவுல் மறுக்கிறார். விசாரணை இல்லாமல் எங்களைப் பகிரங்கமாக அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்புவீர்களா, நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறார். ராத்திரி துதித்தவர் காலையில் நியாயம் கேட்கிறார். இரண்டும் ஒரே மனிதர், ஒரே அதிகாரம். ராத்திரியை மட்டும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கதை தொடங்குவதே ஓர் அடிமைப் பெண்ணில்தான் என்பதும், அவளைக் குறிசொல்ல வைத்துச் சம்பாதித்த முதலாளிகள் வருமானம் போன கோபத்தில்தான் அவர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்பதும், அதன் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எழுதியவர் சொல்லவில்லை என்பதும் வேறு சங்கதி.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் வேலை கிடைத்து, பெண்ணிய வாசிப்பு வட்டங்களில் பேசத் தொடங்கியிருந்த காலம். மன்னவனூருக்குப் போயிருந்தபோது, கூலியில் 50 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வழக்கம்போல் தோத்திரம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. “எதுக்குப் பெரியம்மா தோத்திரம்? இப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் உங்களை ஏமாத்துறாங்க. இனிமே சொல்லாதீங்க” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அன்னைக்குப் பாடச் சொன்ன. இன்னைக்குப் பாடாதங்கிற. என் வாய் உனக்கு என்ன பாப்பா கணக்கு?” என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். மறுநாள் காலையில் அவரும் இன்னும் நான்கு பெண்களும் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய் அந்த 50 ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தார்கள். திரும்பி வந்ததும் அதற்கும் ஒரு தோத்திரம்.

எனக்குத் தமிழ் இலக்கணம் பாடமாக இருந்தும் இது புரியாமல் போனது வெட்கம்தான். புறத்திணையில் பாடாண் என்று ஒரு பிரிவையே வைத்தவர்கள் நாம். வாழ்த்துவது என்றால் பணிவது என்று மட்டும் அங்கே பொருள் இல்லை. புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் பளபளக்கும் ஆயுதங்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்து, இவை போர்க்களமே பார்க்காதவை என்று சொல்லிவிடுகிறார். வாழ்த்துக்குள் ஒரு பெண் எதையும் வைக்க முடியும். நகையை, கோபத்தை, உரிமையை. வெளியில் நிற்கும் என் காதுக்குத் தோத்திரம் என்ற ஒரே ஒலிதான் கேட்டது. உள்ளே அவர் வைத்தது என்ன என்று நான் கேட்கவில்லை.

பண்டித ரமாபாயை நான் மறுபடி வாசித்ததும் அதற்குப் பிறகுதான். 1870களின் பஞ்சத்தில் பெற்றோரையும் அக்காவையும் இழந்தவர். பிறகு அண்ணன் போனார், 1882இல் கணவரும் போனார். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். தன்னை அந்த வழியில் நடத்திய கன்னியாஸ்திரி ஜெரால்டினோடு கடிதம் கடிதமாக வாதாடினார். ஒரு மதத்தின் புரோகிதர்களிடமிருந்து விடுபட்டு வந்தது இன்னொரு மதத்தின் புரோகிதர்களுக்குத் தலையாட்டவா என்பது அவருடைய நிலை. விதவைகளுக்கும் பஞ்சத்தில் அநாதையான பெண்களுக்கும் வீடு கட்டினார். பைபிளை மராத்தியில் மொழிபெயர்த்தார். 1921இல் ஒரே மகள் மனோரமாவும் இறந்தாள். அடுத்த வருஷம் அவர். இத்தனை சாவுகளுக்கு நடுவில் அவர் கடவுளைத் துதித்ததை அடக்கம் என்று என்னால் படிக்க முடியவில்லை. அவர் யாருக்கும் அடங்கியவராக இருந்ததில்லை. எதிர்த்துப் பேசத் தெரிந்தவர் என்பதால் அவருடைய துதியை நம்ப முடிகிறது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். முறையிட உரிமை உள்ள இடத்தில்தான் துதிக்குப் பொருள் உண்டு. மாட்டேன் என்று சொல்ல முடியாதவள் சொல்லும் ஆமென் அவளுடையது அல்ல, கேட்டு வாங்கியவருடையது. அதே நியாயப்படி, துதிக்காதே என்று நான் சொல்வதும் அவள் வாயை என் கணக்கில் எழுதுவதுதான். துன்பப்படுகிறவளுக்கு நாம் செய்யக்கூடியது அவள் வாயைத் திறப்பதோ அடைப்பதோ இல்லை. ஒப்பாரியில் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கலாம். மௌனமாக இருந்தால் பக்கத்தில் உட்காரலாம். வண்டி வேண்டுமென்றால் வண்டிக்கு அலையலாம். துதி வருமா, எப்போது வரும் என்பது அவளுக்கும் அவள் கடவுளுக்கும் இடையில் உள்ள விஷயம். வராமலே போனாலும் அவள் விசுவாசத்தில் குறை சொல்ல நமக்கு இடமில்லை. 88ஆம் சங்கீதமும் பைபிளில்தான் இருக்கிறது.

போன வருஷம் பூண்டு அறுவடை நேரத்தில் மன்னவனூருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு 80 ஆகப்போகிறது, காட்டுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒரு சின்னப் பெண், இரண்டு பிள்ளைக்காரி, முக்காட்டை இழுத்து முகத்தின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வீக்கம். அது எப்படி வந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். எழுந்து, இந்த வாரம் கர்த்தர் செய்த நன்மைகளுக்காக ஸ்தோத்திரம் சொல்லம்மா என்று அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து நின்றாள். சொல் வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. 25 வருஷத்துக்கு முந்தைய அந்த வீட்டில் நான் மறுபடி நின்றுகொண்டிருந்தேன்.

என் பக்கத்தில் இருந்து பெரியம்மா சொன்னார்: “அவ இன்னைக்குச் சொல்ல மாட்டா. உட்காரு தாயி.” பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து நின்று, “அவளுக்கும் சேத்து நான் சொல்றேன். தோத்திரம். ஆனா ஆண்டவரே, அவ வீட்டுல நடக்கிறதை நீரும் பாத்துக்கிட்டுதான இருக்கீரு? எத்தனை நாளைக்கு?” என்றார். ஜெபவீட்டில் சத்தமே இல்லை. அந்தப் பெண் முக்காட்டை விலக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அந்தப் பெண்ணையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனோம். ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரியம்மாவை வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பூம்பாறை வளைவு வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

“அன்னைக்கு உங்களைப் பாடச் சொன்னேன் பெரியம்மா. தப்பு.”

“நீ சின்னப்பிள்ள அப்ப,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீ பாடுனது நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. நாளுதான் சரியில்ல” என்றார்.